மீட்புக்குப் பில் போடச் சொல்பவர்களுக்கு

போன சனிக்கிழமை வான்கூவருக்குப் பக்கத்தில் இருக்கும் சீமோர் மலையில் நம் பையன்கள் நான்கு பேர் மாட்டிக்கொண்டதும், மீட்புக் குழு போய் அவர்களைக் கொண்டுவந்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான்கு பேரும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள் என்பதும் தெரியும். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய குரல் பதிவைப் பற்றி. "வேலை வெட்டி இல்லாம மலை ஏறப் போறானுங்க. ஹெலிகாப்டர் செலவு முழுசையும் அவனுங்க வீட்டுல வசூல் பண்ணணும். அப்பத்தான் அடுத்தவனுக்குப் புத்தி வரும்." மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். அதற்கு விழுந்த கைதட்டல்களைப் பார்த்த பிறகு முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பில் வரும் என்று பயந்தால் மனுஷன் போன் பண்ண மாட்டான். காட்டுக்குள் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் யோசித்துக்கொண்டே இருப்பான். அந்த நேரத்தில்தான் சாவு நடக்கிறது.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் அப்படி யோசித்தவன்.

ஆறு வருஷம் ஆகிறது. அக்டோபர் கடைசி வாரம். நானும் அத்தானும் அதே சீமோருக்குப் போனோம். கிளம்பும்போதே மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. நகர ரயிலான ஸ்கைட்ரெயினில் போகும்போது தினமும் ஜன்னலில் தெரிகிற மலைதானே, வீட்டுக்குப் பின்னால் இருப்பது மாதிரி இருக்கிறதே என்றுதான் போனோம். திரும்பி வரும்போது மேகம் இறங்கிவிட்டது. மரத்தில் அடித்திருக்கும் அடையாளத் தகடு ஒன்றைத் தவறவிட்டோம், அடுத்தது கண்ணில் படவே இல்லை. அந்த மாதத்தில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். அவ்வளவு உயரமான மரங்களுக்கு நடுவில் அதற்கு முன்பே இருட்டு.

அப்போது மேகம் கொஞ்சம் விலகி, கீழே வான்கூவர் முழுசும் விளக்கு போட்டு நின்றது. "மாப்ள, அதோ தெரியுது பாரு ஊரு. இந்த ஓடையைப் பிடிச்சு நேரா எறங்கினா ரோட்டுக்குப் போயிரலாம்" என்றார் அத்தான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எவருக்குமே படும். சீமோரையும் சேர்த்து ஊருக்கு வடக்கே நிற்கிற நார்த் ஷோர் மலைகளில் ஆட்களைக் கொல்வதே அந்த வெளிச்சம்தான். தண்ணீர் போகிற வழியில் இறங்கினால் பள்ளம் குறுகிக்கொண்டே போய், கடைசியில் அருவியிலும் செங்குத்துப் பாறையிலும் முடியும். கீழேயும் போக முடியாது, வழுக்குப் பாறையில் மேலேயும் ஏற முடியாது. இது எங்களுக்குத் தெரியாது. இறங்கினோம். பாதியில் அத்தான் விழுந்து முழங்கால் பிசகியது.

அவசர உதவி எண்ணான 911ஐ அழுத்தப் போனேன். அத்தான் கையைப் பிடித்துவிட்டார். "வேண்டாம் மாப்ள. ஆயிரக்கணக்குல பில் போட்டுருவான். பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வேற பாக்கி இருக்கு. கொஞ்ச நேரம் பொறு." பொறுத்தோம். நனைந்த பருத்திச் சட்டையோடு, பதினான்கு சதவீத பேட்டரியோடு, ஒன்றரை மணி நேரம். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு நடுக்கம் நின்று பேச்சு குழற ஆரம்பித்தது. குளிரில் நடுக்கம் நிற்பது நல்ல அறிகுறி இல்லை என்பதை நான் பிற்பாடுதான் படித்தேன். பேட்டரி ஐந்துக்கு வந்தபோது அவரைக் கேட்காமலே கூப்பிட்டேன். "இருக்கிற இடத்தை விட்டு ஒரு அடி நகராதீர்கள்" என்றார்கள்.

நள்ளிரவு நெருங்கும் வேளையில் தலையில் விளக்கோடு, கயிறோடு மேலிருந்து வந்தார்கள். அதில் ஒருவர் தன் விளக்கைக் கீழே அடித்துக் காட்டினார். எங்கள் காலிலிருந்து இருபதடிக்கு அப்பால் எதுவுமே இல்லை, வெறும் இருட்டு. அத்தானுக்கு உலர்ந்த ஜாக்கெட் போட்டுவிட்டு, "ஏன் முன்னாடியே கூப்பிடவில்லை?" என்று கேட்டார். செலவுக்குப் பயந்தோம் என்றேன். அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. "ஒரு சென்ட் கூடக் கிடையாது. அடுத்த தடவை உடனே கூப்பிடுங்கள்" என்றார். காலையில் அவருக்கு வேலைக்குப் போக வேண்டுமாம்.

ஆமாம், அவர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள் இல்லை. நார்த் ஷோர் ரெஸ்க்யூ 1965இல் தொடங்கிய தன்னார்வலர் குழு. வருஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் அழைப்பு வருகிறது. பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள் இரவில் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். அந்தக் குழுவைப் பல வருஷம் நடத்திய டிம் ஜோன்ஸ் 2014 ஜனவரியில் இதே சீமோரிலிருந்து இறங்கும்போதுதான் இறந்துபோனார். சீமோரின் ஒரு சிகரத்துக்கு இன்று அவர் பெயர். மீட்புக்குப் பணம் கேட்கக் கூடாது, கேட்டால் ஆட்கள் தாமதமாகக் கூப்பிடுவார்கள் என்று பல வருஷமாகச் சொல்லிவருவதும் அந்தக் குழுதான். உயிரைப் பணயம் வைத்துப் போகிறவர்களே பில் வேண்டாம் என்கிறார்கள். சோபாவில் உட்கார்ந்து குரல் பதிவு போடுகிறவருக்கு மட்டும் பில் வேண்டும்.

"வரிப்பணம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஹெலிகாப்டருக்கு அரசாங்கப் பணம் போகிறது, நான் மறுக்கவில்லை. அடுப்பை அணைக்க மறந்து வீடு பற்றிக்கொண்டால் தீயணைப்பு வண்டியை "எவ்வளவு ஆகும்" என்று கேட்டுவிட்டா கூப்பிடுவீர்கள்? போன குளிர்காலத்தில் வழுக்கிய சாலையில் சாதா டயரோடு காரை எடுத்துக்கொண்டு போய்க் கை ஒடிந்தவர் நம் குழுவிலேயே இருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவை அவரிடம் வசூல் பண்ணு என்று ஒருவரும் சொல்லவில்லை. சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதுதான் சரியும் கூட.

"அமெரிக்காவில் வசூலிக்கிறார்களே" என்றும் கேட்டார்கள். நியூ ஹாம்ப்ஷையரில் அலட்சியமாகப் போனவர்களிடம் செலவைக் கேட்கச் சட்டம் இருக்கிறது. இருக்கட்டும். எது அலட்சியம் என்பதை மலை மேல் இருட்டில் நிற்கிறவன் எப்படித் தீர்மானிப்பான்? அவன் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு போனைப் பைக்குள் வைத்துவிடுவான். நான் வைத்தேன்.

மூடிய பாதையில், தடுப்பைத் தாண்டிப் போகிறவர்களைப் பற்றிக் கேட்டால், தப்புதான். அதற்கு அபராதம் போடுங்கள், ஆனால் அதைத் தடுப்பைத் தாண்டியதற்குப் போடுங்கள், உதவி கேட்டதற்குப் போடாதீர்கள். அந்தப் பையன்கள் எந்தத் தடுப்பையும் தாண்டவில்லை. ஓட்டப்பந்தய ஷூ போட்டிருந்தார்கள், ஹெட்லேம்ப் இல்லை, மழை ஜாக்கெட் இல்லை. சரி. அவர்களுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது?

எனக்கு உண்மையில் வலிப்பது இதுதான். இந்த ஊர்க் குழந்தைகளை ஐந்து வயதிலேயே பெற்றோர் மலைக்குக் கூட்டிப் போகிறார்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. ஜூனிலும் மேலே பனி கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நாம் வந்து இறங்கினோம், வாடகைக்கு வீடு தேடினோம், இரண்டு வேலை பார்த்தோம். பக்கத்துக் கிரவுஸ் மலையில் ஏறுகிற கிரவுஸ் கிரைண்ட் பாதையில் ஒரு போட்டோ எடுத்துப் போட்டோம். இரண்டரை கிலோமீட்டரில் எண்ணூறு மீட்டர் உயரம் ஏறுகிற படிக்கட்டு அது. அதை ஏறியதும் எல்லா மலையையும் ஏறிவிட்டதாக ஒரு தைரியம் வந்துவிடுகிறது. கிரவுஸில் இறங்குவதற்குக் கேபிள் வண்டி இருக்கிறது. சீமோர் பாதையில் அதெல்லாம் கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தை நம்மில் எத்தனை பேர் அந்தப் பையன்களுக்குச் சொன்னோம்? நானும் சொல்லவில்லை. ஆறு வருஷமாக இந்தக் கதையை வெட்கத்தில் வெளியே சொல்லாமலே இருந்தேன்.

அந்தக் குரல் பதிவின் கடைசி வரியையும் கேட்டிருப்பீர்கள். "வெள்ளைக்காரன் முன்னாடி நம்ம மானத்த வாங்கிட்டானுங்க." நள்ளிரவில் அத்தானைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்த அந்த மனிதர் எங்கள் மானத்தைப் பற்றி யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. யோசித்தது நாம் மட்டும்தான். பத்தொன்பது வயசுப் பையன்கள் குளிரில் உட்கார்ந்து, பயத்தை விழுங்கிக்கொண்டு, சரியான நேரத்தில் போன் பண்ணியிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வயசில் எனக்கு அது வரவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவர்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பதிவு போட்ட அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எனக்கு வேண்டியவர், என் கல்யாணத்துக்கு முன்னால் நின்று எல்லாம் செய்தவர். சண்டைக்கு வரவில்லை. அந்தப் பையன்களில் ஒருவனுடைய அம்மா அதே குழுவில்தான் இருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு "மகன் கிடைச்சுட்டான்" என்று எழுதியவர், உங்கள் குரலைக் கேட்ட பிறகு இன்றுவரை அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அழித்துவிடுங்கள் அண்ணே. அழித்துவிட்டு அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள்.