சுவர் வெண்மையாகவே இருக்கட்டும்

செட்டிநாட்டு உணவகம் என்ற பெயர்ப்பலகை இன்று எந்த ஊருக்குப் போனாலும் கண்ணில் படுகிறது. உள்ளே நுழைந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். சுவர் முழுவதும் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலையை அச்சடித்த ஸ்டிக்கர், அதன் மேலேயே ஒரு தஞ்சாவூர் ஓவியப் பிரதி, மூலையில் பித்தளை அண்டா, தலைக்கு மேல் பல நிறக் கண்ணாடி விளக்குகள். ஆனால் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குள் போய் வந்தவர்களுக்கு, இதில் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது என்பது உடனே புரிந்துவிடும்.

அந்த வீடுகளில் வண்ணம் காலடியில் இருக்கிறது; அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் இருக்கிறது; கதவுக்கு மேலேயும் சன்னலிலும் வண்ணக் கண்ணாடியாக இருக்கிறது. நடுவில் உள்ள சுவரோ பெரும்பாலும் வெண்மைதான். சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசி, மெருகேறும் வரை தேய்த்த அந்தச் சுவரில் கை வைத்தால் வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும். முற்றத்தில் இறங்கும் வெயிலை அந்த வெண்மை வாங்கி உள்ளே பரப்புவதால்தான், தரையின் சிவப்பும் மஞ்சளும் கண்ணை உறுத்தாமல் துலங்குகின்றன. செட்டிநாட்டிலிருந்து ஓர் உணவகம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது, வண்ணத்தை எங்கே வைப்பது, எங்கே நிறுத்துவது என்ற இந்தக் கணக்கைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன். பூவேலை அதற்குப் பிறகு வரட்டும்.

அடுத்தது, அச்சடித்த போலி வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் உலோக அச்சைப் பொருத்தி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் சிமெண்டில் கரைத்த வண்ணத்தைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை கொஞ்சம் அசைந்தாலும் பச்சை நிறம் மஞ்சள் நிறத்துக்குள் இறங்கிவிடும். அதன் மேல் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, ஈரக் கலவையால் நிரப்பிச் சமன்செய்து, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தெடுக்கும்போது, அதன் பளபளப்பு கல்லுக்கு வந்திருக்கும். இதழின் ஓரம் ஒரு கல்லில் தடித்தும் இன்னொன்றில் மெலிந்தும் இருப்பது இந்தக் கைவேலையின் அடையாளம். அந்த வேறுபாடுதான் தரைக்கு உயிர் தருகிறது. ஸ்டிக்கரில் அது ஒருநாளும் வராது.

செலவு தாங்காது என்பவர்கள் கூடம் முழுவதும் பூக்கல் பதிக்கவேண்டிய தேவையே இல்லை. நடுவில் ஒரு கம்பள அளவுக்குப் பூக்கல்லும், சுற்றிலும் பார்டரும், மிச்ச இடத்தில் வேலைப்பாடில்லாத சிவப்புக் கல்லும் போதும். இருக்கைத் துணிக்குக் கண்டாங்கிச் சேலையின் அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கலந்த கட்டங்களை எடுத்துக்கொண்டால் தரையோடு இயல்பாகப் பொருந்தும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நெசவுக்கும் அது ஓர் ஆதரவாக இருக்கும். மேசைக்கு விரிப்பு வேண்டாம். கருந்தேக்குப் பலகையில் விரித்த வாழை இலையை விட நல்ல பச்சை எந்தப் பெயிண்ட் கடையிலும் கிடைக்காது.

ஒரே ஓர் எச்சரிக்கை. இது சிமெண்ட் கல் என்பதால் புளியும் எலுமிச்சையும் சிந்திக் கிடந்தால் மெருகு போய்விடும். ஆகவே சமையலறையிலும் கை கழுவும் இடத்திலும் இதைப் பதிக்காமல், உணவுக்கூடத்தில் பதித்த கல்லுக்கு சீலர் பூசிவிட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, இரவில் கடை கழுவுபவர்களிடம் ஆசிட் பக்கமே போகக் கூடாது என்று கல் பதிக்கும் முன்பே உரிமையாளர் சொல்லிவைக்க வேண்டும். தண்ணீர் தொட்டுத் துடைத்தாலே போதும், ஆள் நடக்க நடக்க மெருகு தானாக ஏறும்.