அந்தத் தொட்டில் மட்டக்களப்பில் இல்லை

"மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாசலில் தொட்டில் இருக்கிறது, பிள்ளையை வைத்துவிட்டுப் போனால் சட்டம் கேட்காது" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பிழை. தொட்டில் குழந்தைத் திட்டம் தமிழ்நாட்டு அரசினது. 1992இல் சேலத்தில் தொடங்கியது. அந்த ஏற்பாடு இங்கே செல்லாது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 308ஆம் பிரிவுப்படி, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கைவிடும் நோக்கில் எங்கே விட்டுச்சென்றாலும் தாய் தகப்பனுக்கு 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆஸ்பத்திரி வாசலுக்கு அதில் விலக்கு இல்லை. இந்தச் செய்தியை இரக்கத்தில்தான் அனுப்புகிறார்கள், ஆனால் நம்பிப் போகிற பெண்பிள்ளைதான் பொலிஸில் நிற்க வேண்டிவரும்.

சரி, வளர்க்கவே முடியாதவர் என்ன செய்வது? பிரசவத்துக்கு முன்பே மிட்வைஃபிடமோ நன்னடத்தை அதிகாரியிடமோ சொல்லலாம். தத்துக்கொடுப்பது நீதிமன்றம் வழியாக நடக்கும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.