மாற்றியது ஒன்று, கெட்டது இன்னொன்று

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முனகாமல் ஏறிய கார், சேலத்துக்கு இறங்கிய மறுநாள் இன்ஜின் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டது. ஸ்கேனரைச் செருகிய மெக்கானிக், ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்று ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை உணர்ந்து, சிர்கோனியா என்ற பீங்கானால் ஆன வகையாயின் ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக இன்ஜின் கணினிக்குத் தெரிவிக்கும் அந்தச் சிறு பொருள், புகைக்குழாயில் கசிவு இருந்தாலே தவறான கணக்கைக் காட்டக்கூடும் என்பதால், முதலில் குழாயை அல்லவா அவர் பார்த்திருக்க வேண்டும்? வெப்பத்தில் இறுகிப்போன மரையோடு 22 மி.மீ. ஸ்பேனரை வைத்து அரை நாள் மல்லுக்கட்டியதற்குக் கூலி தனி. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சென்சார்கள் இருக்க, ஸ்கேனர் குறை சொன்னது முன்னதை. அவர் மாற்றியதோ பின்னதை. (பணத்தை எண்ணிக் கொடுத்தபோது எனக்கும் இது தெரியாது.) சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டுவதற்குள் விளக்கு மீண்டும் எரிந்தது. மின்பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று உதிரிபாகக் கடையில் கையை விரித்துவிட்டார்கள்; ஒரு குறையும் இல்லாத பழைய சென்சார் என் டிக்கியில் உருண்டுகொண்டிருக்கிறது.