ப்ளூஃபிஷ் குறைந்தது வலைப்படகுகளால் மட்டுமா?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மாசசூசெட்ஸின் கேப் காட் முதல் வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுகள் வரை, கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களிடையே ப்ளூஃபிஷ் என்ற கடல்மீனைப் பற்றி ஒரு பேச்சு சுற்றுகிறது: “ப்ளூஃபிஷ் மீனை வணிக வலைப்படகுகள் வாரிக்கொண்டு போய்விட்டன, பொழுதுபோக்காகப் பிடிக்கும் நமக்கு இதில் பங்கே இல்லை.” இது தவறு.

அமெரிக்க அட்லாண்டிக் கரையில் பிடிபடும் ப்ளூஃபிஷில் பெரும்பகுதி தூண்டில்காரர்களுக்கே போகிறது. பிடிக்க அனுமதிக்கும் மொத்த அளவின் ஒதுக்கீட்டைப் பாருங்கள்: 2022 முதல் 86 சதவீதம் பொழுதுபோக்கு மீன்பிடிக்கு, வணிகத்துக்கு 14 சதவீதம்தான். மீன் இருப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று 2019 மதிப்பீடு சொன்னது. அப்புறம்தான் 2020இல் தூண்டில்காரர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 மீன் என்ற வரம்பு 3 ஆனது. வாடகைப் படகில் போகிறவர்களுக்கு அப்போது 5 ஆனது.

சரி, பிடித்ததைத் திரும்ப விட்டுவிட்டால்? அதிலும் ஒரு பகுதி செத்துப்போகிறது. நைலான் நரம்பை நறுக்கிவிடும் பல் என்பதால் கையை வைக்கப் பயந்து, மீனை மணலில் புரளவிட்டு, செவுளில் சிக்கிய மும்முனைத் தூண்டில் முள்ளை இழுத்துப் பிடுங்குகிறார்கள். ஒற்றை முள், நீண்ட குறடு, நனைத்த கை: இவை போதும், மீன் பிழைக்க வாய்ப்பு கூடும்.

ஒரு பருவத்தில் கரைக்கு வராவிட்டால் மீனே அழிந்தது என்றும் ஆகாது. இது இரையையும் நீரின் வெப்பத்தையும் பின்தொடர்ந்து இடம் மாறும் மீன். கேப் காட்டுக்குத் தெற்கே உள்ள நான்டக்கெட் தீவில் 1764இல் காணாமல் போய், 19ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்ததாகப் பழைய பதிவுகள் உண்டு. அன்று விசைப்படகு எதுவும் கிடையாது.