காமா பயில்வான் லண்டனில் 'டிரா' செய்யவில்லை

பழைய மல்யுத்த வீரர் காமா பயில்வானைக் கேலி செய்து ஒருவர் போட்ட அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "காமா ஜெயித்ததெல்லாம் உள்ளூர் ஆட்களை, லண்டனில் நிஜமான ஆள் வந்ததும் டிரா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அது டிரா இல்லை. 1910 செப்டம்பர் 10, ஒயிட் சிட்டி மைதானம். எதிரே போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஜிபிஸ்கோ, காமாவைவிட நல்ல எடை. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். அப்புறம் அந்த மனிதர் எழுந்து மோதவே மனசில்லாமல் விரிப்போடு ஒட்டிக்கிடந்தார், இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். சரி, அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்று நிறுத்தினார்கள். 17-ம் தேதி காமா வந்தார், ஜிபிஸ்கோ வரவில்லை. போட்டிப் பரிசான ஜான் புல் பெல்ட்டும் 250 பவுண்டும் காமா கைக்குத்தான் போயின. இதில் டிரா எங்கே இருக்கிறது?

"முடிவு வராத ஆட்டம் டிராதானே" என்பீர்கள். ஜெயிக்க எதிராளியை மல்லாத்தியாக வேண்டும்; குப்புறப் படுத்துக்கொண்டவனைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கல்லூரி நாட்களில் குஸ்தி போட்டவன் நான். ஒரு போட்டியில் எதிராளி முழங்கைகளை விலாவோடு ஒடுக்கிக்கொண்டு அப்படியே படுத்துவிட்டான். வியர்வையில் கை வழுக்குகிறது, இடுப்புக்கு அடியில் விரல் நுழைய இடமில்லை, முன்கை இறுகி வலி எடுத்துவிட்டது. அங்கே நடுவர் விசில் ஊதி எங்களை எழுப்பி நிற்க வைத்தார். காமாவுக்கு அந்த விசில் கிடைக்கவில்லை. அவ்வளவு நேரம் அந்த ஆளோடு மல்லுக்கட்டியவரைப் பார்த்து ஜெயிக்கவில்லை என்கிறீர்கள்.

"அந்தக் காலத்துத் தொழில்முறை மல்யுத்தம் எல்லாம் பேசி வைத்ததுதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். பேசி வைத்த ஆட்டங்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்து வந்த கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் மணிக்கணக்கில் குப்புறக் கிடக்கட்டும் என்று எந்த ஏற்பாட்டாளர் பேசி வைப்பார்?

1928 ஜனவரியில் பாட்டியாலாவில் மறுபடி மோதினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காமா அவரை மல்லாத்திவிட்டார். உடனே "ஜிபிஸ்கோவுக்கு வயசாகிவிட்டது" என்று வருவார்கள். காமாவுக்கு மட்டும் இருபத்தைந்தா? இருவருமே ஐம்பதை நெருங்கியவர்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான், 1925-ல், அதே ஜிபிஸ்கோ அமெரிக்காவில் வேய்ன் மன் என்ற மல்யுத்த வீரரை வீழ்த்தி உலகப் பட்டம் எடுத்திருந்தார். அப்போது வராத வயசு பாட்டியாலாவில் வந்துவிட்டதா?

எனக்கு வலிப்பது இதுவும் இல்லை. 1947-ல் லாகூரில் ஊரே பற்றி எரிந்தபோது தன் பகுதி இந்துக் குடும்பங்களுக்குக் காவலாக நின்ற மனிதர் காமா. கடைசிக் காலத்தில் நோயும் பணமுடையுமாகக் கஷ்டப்பட்டு 1960-ல் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றிப் பேச நமக்கு ஒரு கேலி வீடியோதான் கிடைத்ததா?

கமெண்டில் 'விதிமுறைப்படி அது டிராதான்' என்று ஆரம்பிப்பவர்கள் முதலில் 17-ம் தேதிக்குப் பதில் சொல்லுங்கள். ஜிபிஸ்கோ ஏன் வரவில்லை?