கரண்ட் வைத்தவர் போன் தொட்டால் கட்டி திரும்புமா?

“மார்பில் கரண்ட் வைத்தவங்க போன் பார்க்கக் கூடாது. ரெண்டு கதிரும் சேர்ந்தால் கட்டி திரும்ப வரும்.” பாம்பன், மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு இது. தவறு.

கரண்ட் என்று நாம் சொல்வது புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையை. அது மின்சாரமே இல்லை. பெரும்பாலும் எக்ஸ்ரே வகையைச் சேர்ந்த, ஆற்றல் மிகுந்த கதிர். செல்லின் டிஎன்ஏவைச் சிதைத்துத்தான் கட்டியை அழிக்கிறது. வெளியிலிருந்து பாய்ச்சும் இந்தச் சிகிச்சையில், மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடும். உடம்பில் தங்காது, அப்புறம் போன் கதிர் எதோடு சேரும்? போனில் வருவது ரேடியோ அலை. டிஎன்ஏவை உடைக்கும் வலு அதற்குக் கிடையாது. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மைதான். ஆனால் அதற்குக் காட்டிய குறைந்த அளவுச் சான்று மூளைக் கட்டி, காது நரம்புக் கட்டி பற்றியது. மார்பகம் பற்றியது அல்ல.

சரி, போனைப் பிடுங்கினால் யாருக்கு நஷ்டம்? மதுரை போய் சிகிச்சை முடித்து வந்த கடல்பாசி எடுக்கும் அக்காவை நினைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி வைத்திருக்கும் அந்தப் போனில்தான், கீமோ மருந்தால் கொட்டிய முடி மறுபடி முளைத்த இன்னொருத்தியின் போட்டோ வருகிறது. ‘கை வீங்குதே, உனக்குமா?’ என்று தெருவில் யாரிடம் கேட்பாள்?

நடுராத்திரி வரை ரீல்ஸ் பார்த்துத் தூக்கம் கெடுவது வேறு விஷயம். அதைக் குறைக்கச் சொல்லலாம். ‘கீமோ வேண்டாம், கஷாயம் போதும்’ என்ற பதிவுதான் நிஜமான ஆபத்து. சந்தேகம் வந்தால் சிகிச்சை தந்த டாக்டரைக் கேளுங்கள், இல்லையென்றால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் பேசுங்கள்.