நீங்க என்ன ஆக்கள்?

திருக்கோவிலில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன வருடம் ஒரு கடிதம் வந்தது. அம்பாறை நகரில் உள்ள ஓர் அரச கந்தோரிலிருந்து, காணி சம்பந்தமாக. முழுக்கச் சிங்களம். உறையில் இருந்த பெயரும் சிங்களத்தில்தான்; தபால்காரர் சொல்லித்தான் அது தனக்கு வந்தது என்று அவவுக்கே தெரியும். கொழும்பில் கொஞ்சக் காலம் ஓட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பி வந்து வாசித்தபோது, ஆவணங்களோடு வரச்சொன்ன நாள் போய் நாலு நாள்.

"முறைப்பாடு போடுவம்" என்றேன். "விடு மனே, காணி அலுவல் முடியவேணும். கந்தோர்க்காரரோட கொழுவிப்போட்டு ஆர் திரும்பவும் அங்க போய் நிக்கிற?" என்றா.

சட்டத்துக்குக் குறைவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் பார்த்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது 12ஆம் உறுப்புரை. மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அது இருப்பது கொழும்பில். இரவு பஸ், சட்டத்தரணி காசு, கூட ஓர் ஆள்... பெரியம்மாவுக்கு அதெல்லாம் நடக்கிற காரியமா?

இந்த இடத்தில்தான் மனித உரிமைகள் ஆணைக்குழு போன்ற ஓர் அமைப்பு வேண்டியிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது அது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. யாரும் முறையிடாமலே தானாக விசாரிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. கடைசியில் பெரியம்மாவைச் சம்மதிக்க வைத்து, கையெழுத்து வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கந்தோரை விசாரித்த பிறகு, புதுத் திகதி போட்டுத் தமிழில் ஒரு கடிதம் வந்தது. பெயரில் ஓர் அரவு குறைவு. பரவாயில்லை.

அதற்காக ஆணைக்குழுவைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. அது செய்வது பரிந்துரை மட்டும். கேட்காமல் விட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கை போகும், அவர் அதைப் பாராளுமன்றத்தில் வைப்பார். அதற்கு மேல் பல் இல்லை.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருகிறேன். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

என்னோடு வேலை செய்யும் ஒரு முஸ்லிம் தோழி, ஏறாவூர்க்காரி, மட்டக்களப்பு நகரில் வாடகைக்கு வீடு தேடினா. ஒரு வீட்டுக்காரருக்கு அழைத்துப் பெயரைச் சொன்னதும், "குடுத்திட்டம் தங்கச்சி" என்றார். அரை மணித்தியாலம் கழித்து அதே இலக்கத்துக்கு நான் அழைத்தேன். "நீங்க என்ன ஆக்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "பின்னேரம் வந்து பாருங்க, திறப்பு என்னட்டத்தான் இருக்கு." கல்முனைப் பக்கம் இதே பதில் தமிழ் ஆட்களுக்கும் கிடைப்பதுண்டு. அப்போது மட்டும் நமக்கு அது பாரபட்சமாகத் தெரிகிறது.

இதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது? கடை, உணவகம், ஹோட்டலுக்குள் போக யாரையும் இன, மத, சாதி பார்த்துத் தடுக்கக்கூடாது என்று 12(3) சொல்கிறது. வாடகை வீடு அதில்கூட இல்லை. அந்த ஆணைக்குழு விசாரிப்பதும் பெரும்பாலும் அரச நிர்வாகம் செய்யும் மீறல்களைத்தான். தனியார் கதவைச் சாத்தினால் தட்ட வேறு கதவு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த இனச் சமத்துவப் பணிப்புரை, இதற்கென ஒரு சமத்துவ அமைப்பை வைத்திருக்கவேண்டும் என்று ஒவ்வொரு உறுப்பு நாட்டையும் கட்டாயப்படுத்தியது. அந்தப் பணிப்புரை வேலை, வீடு, பொருள், சேவை எல்லாவற்றையும், தனியார் துறையையும் சேர்த்துப் பிடிக்கிறது. சந்தேகப்படக் காரணம் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவர் காட்டிவிட்டால் போதும். பாரபட்சம் இல்லை என்று நிரூபிப்பது மற்றவர் பொறுப்பு. அங்கும் சில நாடுகளில் இந்த அமைப்புகளுக்கு ஆளும் காசும் போதவில்லை. அதனால் 2024இல், சுயாதீனமும் போதிய வளமும் இருக்கவேண்டும் என்று இன்னும் இரண்டு பணிப்புரைகள் வந்தன. நான் அரை மணித்தியாலம் கழித்து அழைத்தேனே, அதே சோதனையை அங்கே முறையாகவே செய்கிறார்கள்: ஒரே வருமானம், ஒரே வேலை, பெயர் மட்டும் வேறு.

எனக்கு வேண்டியது இதுதான்: நம் ஆணைக்குழுவின் சட்டத்தில் தனியார் வேலை, வாடகை, கடை என்று எழுதிச் சேர்க்கவேண்டும். அரசாங்கம் நமக்குச் செய்வதைப் பற்றி மட்டும் பேசும்வரை நாம் எல்லோரும் நல்லவர்கள்தான். அந்த வீட்டுக்காரரும் கெட்ட மனிதர் இல்லை, கோயிலில் அன்னதானத்துக்கு முதல் ஆளாக நிற்பவர்.

தோழி இப்போதும் ஏறாவூரிலிருந்து பஸ்ஸில்தான் வந்து போறா. அந்தக் கேற்றில் "வீடு வாடகைக்கு" அட்டை இன்னும் தொங்குகிறது. மழையில் தொலைபேசி இலக்கம் பாதி அழிந்துவிட்டது.